இடம் போதவில்லை

“ஒரே பைதான். கைய வீசிக்கிட்டுப் போறோம்,” என்றான் அவன். ரயில் கிளம்பிவிட்டது.

“போன் தொலைஞ்சுட்டா? படமெல்லாம் அதுலதானே இருக்கு?” என்றாள் மனைவி.

“வக்கீலம்மா, நேத்தே எல்லாத்தையும் நெட்ல ஏத்திட்டேன்.”

“இடம் போதலைன்னு புலம்பினீங்களே?”

“ஒரு ஆப் போட்டேன். ஒரே மாதிரி இருக்கிற படத்துல முதல்ல எடுத்ததை வெச்சுக்கிட்டு, மத்ததை நெட்லயும் சுத்தமா அழிச்சிடுது. போன்லயும் பாதி இடம் காலி!”

அவன் பெருமையாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. காய்ச்சல் சின்னவளைக் கொண்டுபோனதிலிருந்து அவள் சிரிப்பதில்லை. அவளைக் கொஞ்சம் தேற்றத்தான் இந்தப் பயணமே.

“சின்னவளைக் காட்டுங்க,” என்றாள். தினமும் கேட்பதுதான்.

போனைத் திறந்தான். மஞ்சள் கவுன், பிரம்பு நாற்காலி, கன்னத்தில் மச்சம்.

“இது பெரியவ,” என்றாள்.

அடுத்த படம். அதிலும் மச்சம். அவன் விரல் வேகமாகத் தள்ளியது. எல்லாவற்றிலும் மச்சம்.

“சின்னவ எங்கேங்க?”

இரட்டைப் பிள்ளைகளுக்கு வீட்டில் நல்ல கவுன் ஒன்றுதான். பெரியவளுக்குப் போட்டு ஒரு படம் எடுப்பான். பிறகு அதையே சின்னவளுக்கு மாட்டி, அதே நாற்காலியில் இன்னொன்று எடுப்பான்.

மனைவி, மடியில் தூங்கிய பெரியவளின் மச்சத்தை ஒரு விரலால் மறைத்து, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.