பதில் வர ஆகும் நேரம்

“ஜமீல், இங்க வாயேன். ஆண்ட்ரூஸ் பதில் சொல்றாரு” என்றாள் சில்வியா.

ஜமீல் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். சில்வியாவின் புருஷன் ஆண்ட்ரூஸ் காணாமல் போய் நாளையோடு ஒரு வருஷம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், “பிரம்மதேசம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவன்.

ஓடி வந்து பார்த்தால், பதில் சொன்னது மனுஷன் இல்லை. ஆண்ட்ரூஸ் என்று பெயர் வைத்த மெஷின்.

மூன்று பேருக்கும் ஒரே காலேஜ் புராஜெக்ட். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ரோட்டு மேட்டில், இந்த ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர். கடலைவிட்டு உள்ளே தள்ளி, பிரம்மதேசம் கிராமத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஆன்டெனா. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சாஃப்ட்வேராலேயே செய்த சின்னச் சின்ன விர்ச்சுவல் மெஷின்கள். ஒன்று கூப்பிட்டால் இன்னொன்று எவ்வளவு நேரத்தில் பதில் தருகிறது, எவ்வளவு டேட்டா அனுப்பினால் லைன் தாங்குகிறது என்று அளப்பதுதான் வேலை.

அந்த மெஷின்களுக்குத் தங்கள் பெயர்களையே வைத்தது ஆண்ட்ரூஸ். ‘சில்வியா’ இங்கே, ‘ஆண்ட்ரூஸ்’ பிரம்மதேசத்தில். “இதுங்களுக்கு உடம்பு கிடையாதுடா ஜமீலு. உக்காந்த இடத்துல இருந்தே ஒரு பொட்டியில இருந்து இன்னொரு பொட்டிக்குக் குடி மாத்திடலாம்” என்று வாய் ஓயாமல் பெருமையடித்துக்கொள்வான்.

கடல் வந்ததிலிருந்து ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. சாமான்களைக் காலேஜுக்குத் திருப்பி அனுப்ப இன்றைக்குத்தான் திறந்தார்கள். கை சும்மா இராமல் கம்ப்யூட்டரை ஆன் செய்தவள் சில்வியா.

“நான் சொன்னேன்ல? அவரு கரைப் பக்கமே போகல. எங்களுக்குள்ள எப்ப சண்டை வந்தாலும் மறுநாள் காலையில கரைக்குப் போய் மீன் வாங்கியாந்து நீட்டுவாரு. முந்தின ராத்திரி சண்டை போட்டும், அன்னைக்கு அதுகூட இல்லாம நேரா பிரம்மதேசம் போறேன்னு கெளம்பிட்டாரு. அவ்ளோ கோவம். இப்பதான் மனசு எறங்கி வந்து மெஷினைப் போட்டிருக்காரு.”

அவளுடைய செல்போன் அடித்தது. பங்குச் சாமியார்.

“வேணாங்க ஃபாதர். நாளைக்கு எறந்தவங்களுக்கு வைக்கிற பூசையில அவரு பேரு வேணாம். உயிரோட இருக்கறவருக்கு யாராவது அந்தப் பூசை வைப்பாங்களா?”

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜமீல் வாசலுக்குப் போய், பிரம்மதேசம் வாட்ச்மேன் குழந்தைசாமிக்கு போன் போட்டான்.

“கம்ப்யூட்டர் பொட்டியா? பூட்டின ரூம்புல அப்படியே கெடக்குது சார். கரண்டு கட் பண்ணி எத்தினியோ மாசம் ஆவுது. அன்னைக்கே சொன்னேன், அந்த ஞாயித்துக்கெழம சார் இங்க வரவே இல்லன்னு. நீங்கதான் நான் தூங்கியிருப்பேன்னு சொன்னீங்க.”

ஜமீல் அண்ணாந்து பார்த்தான். மாடியில் ஆன்டெனா கம்பம் முறிந்து, வயர் அறுந்து தொங்கியது. உள்ளே ஸ்கிரீனில் ‘ஆண்ட்ரூஸ்’ வரி வரியாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. “யா அல்லாஹ்” என்றான் தன்னையறியாமல்.

“அண்ணி, அங்க கரண்டே இல்லியாம். இங்க வயரும் அறுந்து கெடக்குது. அப்ப யாரு பதில் சொல்றது?”

“அவருதான்” என்று சில்வியா சிரித்தாள். ஒரு வருஷம் கழித்து அவள் சிரிக்கிறாள். அதைப் பார்க்க அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆனால் அளந்து பழகிய அவள் கண் சும்மா இருக்குமா? ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பதில் வர ஆன நேரம் இருந்தது, எல்லாமே கிட்டத்தட்ட பூஜ்யம். அதில் போய் நின்றது சில்வியாவின் பார்வை. அவசரமாக ஒரு பெரிய ஃபைலை ‘ஆண்ட்ரூஸு’க்கு அனுப்பினாள். விரலை எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“போன கிறிஸ்துமஸுக்கு நீதானே இங்க டியூட்டி? அன்னைக்கு பதில் வர எவ்ளோ ஆச்சு?”

“எப்பவும் ஆவுற நேரந்தான் அண்ணி. பிரம்மதேசத்துல இருந்துதான் வந்துது. அந்தப் பொட்டி அடிக்கடி நின்னு போவுது, நாளைக்குப் போய்ப் பாருன்னு அண்ணனுக்கு நான்தான் போன் பண்ணேன்.”

“இது அவ்ளோ தூரத்துல இருந்து வர்ற பதில் இல்ல ஜமீல். இதே பொட்டிக்குள்ள இருந்து வருது.”

அவள் மேஜைமேல் இருந்த பெட்டியில் கையை வைத்தாள். இதமாகச் சூடேறியிருந்தது. உள்ளே ‘சில்வியா’வுக்குப் பக்கத்திலேயே ‘ஆண்ட்ரூஸ்’ ஒரு வருஷமாகக் குடியிருக்கிறது.

“அவரு பிரம்மதேசம் போகவே இல்ல. அன்னைக்குக் காலையில இங்க உக்காந்தே மெஷினை இந்தப் பொட்டிக்குக் குடி மாத்திட்டு, வேலைய சீக்கிரமா முடிச்சிட்டு…”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜமீலும் பார்த்தான். உப்பளத்துக்கு அந்தப் பக்கம், கரையோரத்தில் மீன் விற்கிற இடம் வெறிச்சோடிக் கிடந்தது.

“…மீன் வாங்கப் போயிருக்காரு.”

பிறகு அவள் செல்போனை எடுத்து, கடைசியாக வந்த நம்பரையே அழுத்தினாள்.

“ஃபாதர், நாளைக்குப் பூசையில அவரு பேரையும் சேர்த்துடுங்க.”