உப்பு குறைந்த கஞ்சி

“மச்சான், பட்டினத்துல பிறை பார்த்துட்டாங்களாம். நாளைக்கு நோன்பு” என்றாள் நுஸ்ரத்.

தொண்டைப் புற்றுநோயோடு படுத்திருந்த கணவர் சஃபியுல்லாவின் முகம் மலர்ந்தது. இந்த வருட நோன்பைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

மறுநாள் மாலை, நோன்புக் கஞ்சியின் தெளிவைக் கரண்டியில் எடுத்து அவர் உதட்டை நனைத்தாள்.

“உப்பு போட மறந்துட்டியா புள்ள?” என்று அவர் சிரித்தார்.

உப்பு எடுக்க அடுக்களைக்குப் போனாள். வீட்டுக்கே வந்து வலிமருந்து கொடுக்கும் ஜோசெஃபின் சிஸ்டரிடம் அவர் மெல்லப் பேசுவது அங்கே கேட்டது.

“நோன்பு திறக்குற சைரனே பள்ளிவாசல்ல ஊதல சிஸ்டர். நோன்புக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. அதுவரைக்கும் நான் இருக்கமாட்டேன்னுதான் இப்பவே கஞ்சி காய்ச்சியிருக்கா. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க, பாவம்.”

நுஸ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கினாள்.