வறட்சிக் கட்டு

"நாலு ஞாயிற்றுக்கிழமையாப் பார்க்கறேன். மனுஷனை ஆடவே விடமாட்டேங்கறாங்க. இது ஆட்டமா, அக்கிரமமா?"

கடைக்காரர் மேஜையில் என் புகார்க் கடிதத்தை வைத்தேன். என் ஜோடி பல் டாக்டர் பக்கத்தில் நின்று, "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்.

அந்தக் கடையின் மாடியில்தான் எங்கள் அட்டை ஆட்டம். இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்து ஆட வேண்டும். முதலில் கிணறு அட்டையை வைக்க வேண்டும். அதில் வரும் தண்ணீரைச் செலவழித்துத்தான் சிப்பாய், யானை, கோட்டை எல்லாம் இறக்க முடியும். ஆளுக்கு அறுபது அட்டை கொண்ட ஒரு கட்டு. எதையெதைச் சேர்ப்பது என்பது அவரவர் சாமர்த்தியம்.

எங்களோடு ஆட வரும் கூரியர் அக்கா ஒருவர் சேர்த்துக்கொண்டு வந்த கட்டில் பாதிக்குப் பாதி 'வறட்சி'. அதைப் போட்டால் எல்லாக் கிணறும் வற்றிவிடும். ஆளுக்கு ஒன்றுதான் மிஞ்சும். அந்தத் தண்ணீரில் ஒரு சிப்பாயை இறக்கலாம், அவ்வளவுதான்.

எதிராளிக்கு மட்டும் இந்தக் கதி என்றாலாவது பரவாயில்லை. தன்னோடு ஜோடி சேர்ந்து ஆடும் சொந்தத் தம்பிக்கும் இதே கதிதான்! அவன் பாவம், அந்த ஒற்றைச் சிப்பாயை வைத்துக்கொண்டு குத்திக் குத்தியே ஜெயித்துக் கொடுப்பான்.

போன மாதம் அக்கா மூலை பெஞ்சில் அட்டைகளைப் பரப்பிக் கட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, என் யானையை வச்சுக்குங்க. ஒரே ஒரு வறட்சி கொடுங்க போதும்."

ஒரு வறட்சியாவது குறையட்டுமே என்கிற நல்லெண்ணம்தான்.

அவர் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இறங்கினா மேஜையில எத்தனை அட்டை சேரும்?"

"யானை ஒண்ணு, கூடவே குட்டி ரெண்டு. மூணு!"

"அப்படின்னா வேண்டாம் சார்."

வலிய வந்த யானையை வேண்டாம் என்று சொல்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். கட்டுச் சேர்க்கவே தெரியாதவர் என்று பல் டாக்டரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்தத் தெரியாதவர்தான் இன்றைக்கு இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரி. ஜெயிக்கிற ஜோடி பெரிய போட்டிக்குப் போகும். மூன்று வருஷமாக நான் ஏங்குகிற போட்டி.

கடைக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உங்க அக்கா உன்னையும் ஆட விடறதில்லையாமே?"

எப்போதும் தொப்பியோடு இருக்கும் அந்தத் தம்பி சிரித்தான். "அதை ஏன் கேக்கறீங்க? கூடப் பிறந்தவன்னுகூடப் பார்க்காம பட்டினி போடறா."

"கேட்டீங்களா? அவங்க வீட்டு ஆளே சாட்சி சொல்லியாச்சு!" என்றேன்.

கடைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த ஆட்டத்துல வறட்சி வேண்டாம்மா. அதுக்குப் பதிலா நான் வேற அட்டை தரேன்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "இல்லீங்க, அது இல்லன்னா..." என்று ஆரம்பித்தவர், தம்பியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"விடுக்கா, இன்னைக்காவது வயிறார ஆடறேன்" என்றான் அவன்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஆகா, அதுவல்லவா ஆட்டம்! ஆளுக்கு ஐந்து கிணறு, நாலு சிப்பாய். நான் யானையைக் குட்டிகளோடு இறக்கினேன். மேஜையில் கை வைக்க இடமில்லை.

தம்பியின் முறை வந்தது. கையில் ஒரு அட்டையைப் பிடித்தபடி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிஷம் போனது.

"சீக்கிரம்ப்பா" என்றேன்.

அவன் கை என் யானைமேல் போய் நின்றது. பிறகு சட்டென்று விலகியது. தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். காதுக்கு மேலிருந்து பிடரி வரைக்கும் நீளமாகத் தையல் போட்ட தழும்பு.

"அக்கா," மெதுவாகக் கேட்டான், "இதுல எது நம்மது?"

அக்கா அவனுடைய அட்டைகளைத் தொட்டுக் காட்டினார்.

"லைட்டு கண்ணைக் கூசுது. மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன்" என்று சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போனான்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பைக்ல இருந்து விழுந்ததிலேருந்து இப்படித்தான் சார். மேஜையில ஏழெட்டு அட்டைக்கு மேல போனா அவனுக்கு எல்லாம் குழம்பிடுது. அதுக்குள்ள இருந்தா அவனை அடிச்சுக்க ஆளில்ல. வீட்டை விட்டு வெளிய வரதே இந்த ஆட்டத்துக்குத்தான். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுன்னு தெரிஞ்சா இதுக்கும் வரமாட்டான். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

மேஜையில் எத்தனை அட்டை சேரும் என்று அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டுச் சேர்க்கத் தெரியாதவராம்! எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கடைக்காரரிடமிருந்து என் கடிதத்தை வாங்கிக் கசக்கிப் பைக்குள் போட்டேன். நான் சொல்லாமலே பல் டாக்டர் மேஜையில் கிடந்த எங்கள் அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

தம்பி ஈர முகத்தோடு திரும்பி வந்தான்.

"ஆட்டம் முதல்லேருந்துப்பா!" என்றேன் சத்தமாக. "வறட்சிக்குப் பயந்து புகார் கொடுத்து ஜெயிச்சான்னு நாளைக்கு நாலு பேர் என்னைக் கேலி பண்ணக் கூடாது பாரு. அக்கா, உங்க பழைய கட்டையே எடுங்க."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"கெடுத்தீங்களே அண்ணே! இப்பத்தான் ஒரு வாய் சாப்பிட உட்கார்ந்தேன், அதுக்குள்ள மறுபடியும் பட்டினியா?"