பதினேழாம் எண் தட்டு

“செத்துப்போச்சுன்னு எழுதும்மா!”

“சாகலைன்னு சொல்றேன், சார்!”

“ரெண்டு நாளா மருந்துல ஊறுது, ஒரு அசைவு உண்டா?”

“அசையலைன்னா செத்துருச்சா? உங்க மீட்டிங்ல நாங்ககூடத்தான் அசையறதில்ல. மைக்ரோஸ்கோப்புல நீங்களே பாருங்க.”

தலைமை ஆய்வாளர் முனகிக்கொண்டே குனிந்தார். ஆய்வகத் தட்டில் வளர்த்த பதினேழாம் எண் நோயாளியின் புற்றுச் செல்களுக்குள் அந்த ஆய்வகப் பெண் செலுத்தியிருந்த நானோ துகள்கள் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தன. அமிலம் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

“செத்த செல்லு அமிலத்தைத் தேக்கி வெக்காது, சார். இது குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு.”

“உன் துகள் புளுகுது. மத்த பதினாறு பேரோட தட்டுல வேலை செஞ்ச மருந்து இது! ஜெயிச்சா உனக்கு எங்க வலிக்குது? அந்த நோயாளியோட நம்பிக்கையில மண்ணைப் போடாதே. கையெழுத்துப் போடு, நாளைக்கே ஊசியை ஆரம்பிக்கட்டும்.”

“போட மாட்டேன். வேற மருந்து தேடுங்க.”

“பதினேழாம் நம்பருக்கு நீ என்ன வக்கீலா?”

அவள் கையுறையைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து தன் பெயர் போட்ட நோயாளி அட்டையை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே எண்.

“அந்த ஊசி ஏறப்போறது இந்தக் கையில, சார். இப்பச் சொல்லுங்க, என்னன்னு எழுதட்டும்?”