பன்னிரண்டு பேருக்கு ஒரு சுவர்

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போதே பெயின்ட் வாசனை அடித்தது.

அதுவரைக்கும் கார்குழலியின் கால் தரையில் பாவவில்லை. காலடிப்பேட்டையிலிருந்து வியாசர்பாடி வரும் வழியெல்லாம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்த ஆறு வருஷத்தில் அவளாகவே திட்டம் போட்ட முதல் படிப்பு இது. ஜனவரியில் பன்னிரண்டு மாணவர்கள் கடல் தாண்டி வருவார்கள். மூன்று வாரம் வியாசர்பாடிக் குடியிருப்பு ஜனங்களோடு பழகுவார்கள். உருப்படியாக ஒரு வேலை செய்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அந்த மாணவர்களின் பேராசிரியை ஹெலன் இன்றைக்கு இடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் உண்டு. இல்லையென்றால் படிப்பு வேறு ஊருக்குப் போய்விடும்.

அந்த உருப்படியான வேலை, குடியிருப்பின் படிப்பகத்துக்குப் பெயின்ட் அடிப்பது.

ஆட்டோ நின்றது. எதிரே படிப்பகம் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது.

மேலே வெள்ளை, கீழே நீலம். இரண்டும் சந்திக்கும் கோடு நூல் பிடித்தாற்போல ஓடியது. போன வாரம் வரை கையால் தொட்டால் காரை உதிர்ந்த சுவர் அது.

ஹெலன் கையிலிருந்த திட்டத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடியும் திட்டத்தைப் பார்த்தார். அதில் பழைய சுவரின் படம் இருந்தது.

கார்குழலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரை நொந்துகொள்வது? விருந்தாளி வருகிறார்கள் என்றால் வெள்ளையடிக்காமல் விடுகிற ஜனமா இது. மூன்று வீட்டுக்கு ஒரு பெயின்டர் இருக்கும் தெருவில், பிரஷ்ஷே பிடித்தறியாத பன்னிரண்டு பேரைக் கொண்டுவந்து பெயின்ட் அடிக்கவைக்க எட்டு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டவளும் அவள்தானே.

ரமாபாய் உள்ளேயிருந்து வந்தார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கை வரைக்கும் நீலம். பகலில் பெயின்டர், சாயங்காலம் படிப்பகத்தின் செயலாளர்.

விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை இது என்று கார்குழலி ஹெலனிடம் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். ஹெலன் நெகிழ்ந்துதான் போனார். ஆனால் இனி மாணவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

கார்குழலி, உங்கள் விருந்து உபசாரம் மேடத்துக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று ரமாபாயிடம் சொன்னாள்.

"விருந்தா? அத்தெல்லாம் அப்பால. இது சாம்பிளு டீச்சர். வேல புடிக்கிறதுக்கு முன்ன ஒரு செவுத்த அடிச்சி காட்டுவோம்ல, அது."

சொல்லிக்கொண்டே சட்டைக்குள்ளிருந்து ரப்பர்பேண்ட் போட்ட ஒரு அடுக்கை எடுத்து ஹெலனின் கையில் வைத்தார்.

பாஸ்போர்ட்டுகள். நாலு, வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்வந்து மூலை மடங்கியவை. மிச்சமெல்லாம் அட்டை மடியாத புதுசு. மொத்தம் பன்னிரண்டு, எல்லாம் இந்தத் தெருப் பெயின்டர்களுடையவை.

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே படிப்பகத்தில் நின்று, இது பரிமாற்றத் திட்டம், அவர்கள் இங்கே வருவார்கள், நாம் அங்கே போவோம் என்று வாய் நிறையச் சொன்னது கார்குழலிதான். கேட்க நன்றாக இருக்கிறதே என்று சேர்த்துக்கொண்ட வரி. நாற்பது பக்கத் திட்டத்தில் அந்த இரண்டாம் பாதி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இவர்களோ அதை நம்பி, மறுவாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள்.

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. எதையும் மழுப்பாமல், சாம்பிள் உட்பட, அப்படியே ஹெலனுக்கு மொழிபெயர்த்தாள்.

ஹெலன் பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகங்களைப் பார்த்தார். சுவரருகே போனார். வேலை கொடுக்க வந்த வீட்டுக்காரரைப் போல, அந்த நீலக் கோட்டின் மேல் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். தங்கள் துறையின் வராந்தாவில் மூன்று வருஷமாகப் பெயின்ட் உரிந்து தொங்குகிறது, கேட்பாரில்லை என்றார். சிரித்தார். பிறகு பேனாவைத் திறந்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்.

இனிமேல்தான் தாண்டவேண்டிய விசா இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, இரண்டு பக்கத்து மேலிடங்கள் இருக்கின்றன. அந்த நிமிஷம் கார்குழலிக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

"குளுருல பெயின்ட்டு காயாது. ஊட்டில ஒரு டிசம்பர்ல அடிச்சி பட்டுக்கீறேன். மே மாசம்னு எழுதிக்கச் சொல்லு டீச்சர்."

ஹெலன் எழுதிக்கொண்டார். தாளைச் சுவரில் வைக்கப்போய், ஈரம் என்று ரமாபாய் தடுக்க, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கார்குழலி தாளை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் பேராசிரியையின் நீலக் கைநாட்டும் விழுந்திருந்தது.