அக்கரையில் விஜயகுமாரி

செல்லிப்பட்டு ஆற்றில் வெயில் ஏறுகிறது. அக்கரை மணலில் வாந்திபேதிக்காரர்களுக்காகப் போட்ட கீற்றுக் கொட்டகை. அதன் வாசலில் என் தம்பி மகள் விஜயகுமாரி குந்தியிருக்கிறாள். எங்கள் குடும்பத்திலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன முதல் பெண். போக வேண்டாம் என்றவன் நான். நேற்று ஒரு தாயும் பிள்ளையும் ஒரே பாயில் அவள் கண்ணெதிரே உயிர்விட்டார்கள். அதிலிருந்து அவள் பேசவில்லை, சாப்பிடவில்லை. கஞ்சிக் கலயம் முன்னால் அப்படியே இருக்கிறது. நோய் தணியும்வரை யாரும் ஆற்றைக் கடக்கக் கூடாதென்பது கொம்யூன் பஞ்சாயத்தின் உத்தரவு. இக்கரையில் அவள் தாய் வள்ளியம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று ஊர்க்கதையைக் கூவுகிறாள். "மணவாளன் வூட்டு மாடு நம்ம கரும்புல பூந்துடுச்சிடி! அத்தத் தொரத்திக்கினு போயி ஒன் சின்னம்மா சேத்துல வுழுந்தா!" துணி துவைப்பவர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்களின் குரல் தெருவில் கேட்டதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். வள்ளியம்மாளுக்குத் தொண்டை கட்டி, கடைசியில் வெறும் காற்றுதான் வருகிறது. அக்கரையில் தலை நிமிரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நான் தண்ணீரில் இறங்குகிறேன். "இன்னாடி, கஞ்சியில உப்பில்லியா? பெரியப்பா சொல்றன், குடி!" கொக்குகள் எழும்பிப் பறக்கின்றன. துவைக்கும் கைகள் நிற்கின்றன. விஜயகுமாரி விருட்டென்று எழுகிறாள். "இப்பிடியா கத்துவீங்க பெரியப்பா? உள்ள இப்பதான் ரெண்டு பேரு கண்ணசந்தாங்க!" என்று அதட்டிவிட்டு, கலயத்தை எடுத்து நின்றபடியே குடிக்கிறாள்.