ஒரு மடக்கு

"ஆதிச் சபையில எல்லாரும் ஒரே மேசையில இருந்து ஒரே பாத்திரத்துலதான் குடிச்சாவ. அந்தக் குட்டிக் கிளாஸையெல்லாம் கட்டி உள்ள வச்சிரும்" என்றார் போதகர். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணிக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. திருவிருந்து முடிந்ததும் ஆளுக்கொன்றாக முப்பத்தெட்டு கிளாஸ் கழுவுகிற வேலை மிச்சம். ஞாயிறு காலையில் அவரே வெள்ளிப் பாத்திரத்தில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வரை திராட்சரசம் ஊற்றி வைத்தார். போதகர் முதலில் ஒரு மடக்கு குடித்துவிட்டு வலப்பக்கம் கொடுத்தார். பாத்திரம் மேசையைச் சுற்றிக் கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் கண்ணை மூடி, பாத்திரத்தைச் சாய்த்து, தொண்டை அசைய விழுங்கி, ஆமென் சொன்னார்கள். வழக்கம்போலக் கடைசி ஆளாக, போதகருக்கு இடப்பக்கம் இருந்த மாசிலாமணி அதை வாங்கினார். எதிர்பாராத கனத்தில் கை தாழ்ந்தது. உள்ளே பார்த்தார். போதகர் குடித்த ஒரு மடக்குதான் குறைந்திருந்தது.

"ஐயா, கொறையவே இல்லையே" என்றார் மெதுவாக.

யாரும் தலை நிமிரவில்லை. போதகர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"நீரு குடியும்."

மாசிலாமணி குடித்தார். வாய் பட்ட இடத்தைத் துடைக்கத் தோள்துண்டை எடுத்தார். போதகர் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, பாத்திரத்தை வாங்கி, அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தார். பிறகு மறுபடியும் வலப்பக்கம் நீட்டினார். சபைச் செயலர் ஜெபசிங் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.

இம்முறை மேசையில் ஒருவரும் கண்ணை மூடவில்லை.